மூன்றாம் மனுதாரர் அம்மாவுக்கு எழுதுவது

அம்மா, என் தங்கமே,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. போனில் கத்திப் பேசியே பழகிவிட்டோம். எஸ்டேட் லயத்து வாசலில் சிக்னல் கிடைக்காமல் நீ கொய்யா மரத்தடிக்கு ஓடுவாய், நான் விடுதி மொட்டை மாடிக்கு ஓடுவேன். "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே பாதிப் பேச்சு போய்விடும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. நான் பாட்டுக்கு எழுதலாம், நீ குறுக்கே பேச முடியாது.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு ஃபேக்டரியில் உலர்த்தும் பிரிவிலேயே வேலை, இருமலும் அப்படியே இருக்கிறது. பாக்கியம் அத்தை இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாள். நீ பறித்த செடி வரிசையை, உன் பழைய நிரையைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொய்யா இந்த வருடம் தாராளமாகக் காய்த்தது, முக்கால்வாசியைக் குரங்கு தின்றது.

என் படிப்பும் முடிந்துவிட்டது. "மக வக்கீல் ஆயிட்டா" என்று அப்பா லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இன்னும் ஆகவில்லை அப்பா, பதிவு செய்து கறுப்புக் கோட்டுப் போட வேண்டும் என்றால், "கோட்டு தச்சாச்சுல்ல?" என்கிறார். உன் புருஷனிடம் சட்டம் பேசி ஜெயித்தவர் யார்?

கோட்டுத் தைத்துவிட்டால் வேலை வந்துவிடுமா? கொச்சியில் பெரிய பெரிய லா ஃபர்ம்கள் இருக்கின்றன. கண்ணாடிக் கட்டடம், உள்ளே நாற்பது ஐம்பது வக்கீல்கள். படித்து முடித்தவர்களை ட்ரெய்னி என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன் விடுமுறைகளில் இன்டர்ன்ஷிப் செய்திருக்க வேண்டும். அந்த இன்டர்ன்ஷிப் கிடைக்க ஏற்கெனவே ஓர் இன்டர்ன்ஷிப் செய்திருக்க வேண்டும். முதலாவது எப்படிக் கிடைக்கும் என்று கேட்டால், உடன் படித்தவர்கள் "அங்கிள் ஒருத்தர் இருந்தார்" என்றார்கள். எனக்கு இருந்த மாமா ராசையா மாமா ஒருவர்தான். அவர் எஸ்டேட் யூனியன் கன்வீனர். அவர் பேரைச் சொன்னால் கொச்சியில் கதவைத் திறக்க மாட்டார்கள், கூடுதலாக ஒரு தாழ்ப்பாள்தான் போடுவார்கள்.

நாற்பத்தொரு இடத்துக்கு மெயில் அனுப்பினேன் அம்மா. ஒவ்வொன்றிலும் அந்த ஃபர்மைப் பற்றி நான்கு வரி புகழ வேண்டும். ஒருமுறை அவசரத்தில் ஒரு ஃபர்மைப் புகழ்ந்ததை இன்னொரு ஃபர்முக்கு அனுப்பிவிட்டேன். அவர்களும் பதில் போடவில்லை, ஆக நஷ்டம் ஒன்றும் இல்லை.

என் பயோடேட்டாவை ஒரு சீனியர் அக்கா திருத்திக் கொடுத்தாள். தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் ஆங்கிலம், மலையாளம், தமிழ் என்று எழுதியிருந்தேன். "தமிழ் எதுக்கு? கொச்சியில யார் கேக்கப் போறாங்க? இடத்தை அடைக்குது" என்று அடித்துவிட்டாள். நானும் சரி என்றுவிட்டேன். இது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் இந்தக் கடிதத்தில் எதையும் மறைப்பதாக இல்லை.

நாற்பத்தொன்றில் ஓர் இடத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கணினி வழியாகத்தான். காலை பதினொரு மணிக்கு. நம் லயத்தில் எங்கே நெட் கிடைக்கும்? கொழுந்து நிறுக்கிற ஷெட்டில்தான் கிடைக்கிறது, மேலே புது டவர் வைத்திருக்கிறார்கள். கோட்டையும் மாட்டிக்கொண்டு, சுவரை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் தராசு தெரியாதபடி வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டியிருந்தேன். அப்பாவுடைய கிறிஸ்துமஸ் வேட்டி.

பாதியில் காலை எடைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். பாக்கியம் அத்தையின் குரலைத்தான் உனக்குத் தெரியுமே.

"ஏட்டி, சத்தம் போடாதீங்க! அந்தோணியம்மா மக வேலைக்குப் பேசுதா. மூட்டைய மெதுவா வைங்கட்டி!"

அவள் அடக்கியதுதான் எல்லாவற்றிலும் பெரிய சத்தம். கணினிக்கு அந்தப்பக்கம் இருந்த மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர். எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று மலையாளத்தில் கேட்டார். சொன்னேன். பிறகு கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு, ஏன் சட்டம் படித்தாய் என்று கேட்டார்.

அதற்கு நான் ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன் அம்மா. அரசியலமைப்பு, நீதி என்றெல்லாம் அழகாக வரும். ஆனால் உட்கார்ந்திருந்த இடம் அப்படி. வாயைத் திறந்ததும் உன் கதை வந்துவிட்டது.

ஐப்பசி மாதத்து மதியம், மலை உச்சியில் பன்னிரண்டு பேர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது, இடி நெருங்கி வந்தது, ஒரு சில்வர் ஓக் மரம் கண்ணெதிரே பிளந்தது, "கூடைய இறக்குங்கட்டி, கீழ வாங்க" என்று நீ கூப்பிட்டது, பதினொரு பேரும் உன் பின்னால் இறங்கியது, எல்லாம் சொன்னேன். யாரைக் கேட்டு இறங்கினீர்கள் என்று சூப்பர்வைசர் கத்தியதையும், "இடி உங்கிட்ட கேட்டுட்டா விழும்?" என்று நீ திருப்பிக் கொடுத்ததையும் சொன்னேன். வேலையை நிறுத்தத் தூண்டியது, மேலதிகாரியை அவமதித்தது என்று இரண்டு குற்றம் எழுதி, விசாரணை நடத்தி, உன்னை நீக்கினார்கள் என்றும், அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு என்றும் சொன்னேன். எஸ்டேட் பேரைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்" என்றார். சரி என்றேன். இதோ சொல்லிவிட்டேன்.

ஒரு வாரத்தில் மெயில் வந்தது, எடுத்துக்கொண்டோம் என்று. அப்பா ஃபேக்டரியில் மிட்டாய் கொடுத்தார். நான் உன் படத்துக்கு முன்னால் நின்று கொஞ்சம் அழுதேன். மெயிலோடு ஒரு படிவமும் வந்திருந்தது. பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் கேட்டுவிட்டு, நீங்களோ நெருங்கிய உறவினரோ ஏதாவது நிலுவை வழக்கில் கட்சிக்காரராக இருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதப் போனேன்.

அப்போதுதான் உன் முப்பதாம் நாள் பூசை ஞாபகம் வந்தது. பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் எல்லாருக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தோம். ராசையா மாமா ஒரு தாளை நீட்டி, "தாயி, இதுல ஒரு ஒப்பு போடு, அம்மா கேஸு விட்டுப் போயிரக் கூடாதுல்ல" என்றார். ஒரு கையில் சாம்பார் வாளி. மறு கையால் கையெழுத்துப் போட்டேன். அப்பாவும் போட்டார். நான் அப்போது சட்டம் நான்காம் வருடம், அம்மா. ஒரு வரி படிக்கவில்லை.

நீ எனக்குச் சொன்னதெல்லாம் அந்த ஒன்றுதானே? "படிக்காம எதுலயும் ஒப்பு போடாதட்டி." எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். ஏனென்றால் நீயே படிக்காமல் போட்டாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் எழுதிய விசாரணைக் குறிப்பில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், என் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது என்று இருந்தது, கீழே உன் கையெழுத்து என்று டைப் அடித்திருந்தது. அந்தத் தாளால்தான் உன் வேலை போயிற்று. ஏன்மா போட்டாய் என்று நான் கேட்கும்போதெல்லாம், "சொல்ல வேண்டியத நான் அங்கயே எழுதிக் குடுத்துட்டேன்" என்பாய். கையெழுத்துப் போட்டதைத்தான் இப்படிப் பெருமையாகச் சொல்கிறாய் என்று நான் எரிந்து விழுவேன்.

மாமாவைக் கூப்பிட்டேன். வழக்குத் தாள்களைப் போனில் படம் எடுத்து அனுப்பினார். தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு இன்னும் இருக்கிறது. முதல் மனுதாரர் அந்தோணியம்மாள், அடைப்புக்குறிக்குள் இறந்துவிட்டார். இரண்டாம் மனுதாரர் அப்பா. மூன்றாம் மனுதாரர் நான். எதிர்த்தரப்பு எஸ்டேட் கம்பெனி. அவர்களுடைய வக்கீல்கள் போட்ட வக்காலத்துத் தாளின் கீழே நீல முத்திரை. என்னை எடுத்துக்கொண்ட அதே ஃபர்மின் முத்திரை.

சிரிப்பு வந்தது, உண்மையாகத்தான். உன்னை எதிர்த்து வாதாடுகிறவர்களிடமே உன் கதையைச் சொல்லி வேலை வாங்கியிருக்கிறேன்.

மறைக்கவில்லை. கொச்சி மேடத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு அந்த வழக்கு தெரியாது, அது வேறு பிரிவு பார்க்கிறதாம். பிறகு, "நீ சொன்ன அந்த இடியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை அம்மா. அப்பா மட்டும் வழக்கில் இருந்தால் அந்த வழக்குத் தாள்கள் உன் கைக்கு வராமல் பார்த்துச் சமாளிக்கலாம், நீயே கட்சிக்காரர் என்றால் எங்களால் முடியாது என்றார். விலகு என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன், ஒரு மாதம் உன் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். அவ்வளவுதான் பேசினார்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். தேநீர் ஆறுகிறவரை யோசித்தார்.

"உன் பேர எடுத்துரு தாயி. நாந்தான் இருக்கேன்ல, ரெண்டாவது ஆளு."

"நீங்க கோர்ட்டுக்குப் போவீங்களாப்பா?"

"போவேன். லீவு குடுத்தாங்கன்னா போவேன்."

உனக்குத் தெரியாதா அவரை? மேலாளர் ஜீப்புச் சத்தம் கேட்டாலே சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிற மனிதர். அவர் போக மாட்டார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். போகாவிட்டால் இரண்டு மூன்று விசாரணைத் தவணையில் வழக்கு தள்ளுபடியாகிவிடும். உனக்குப் பழைய வேலையே வேண்டியிருக்கவில்லை. ஏலக்காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டே, "வேல கெடக்கு. நான் தப்பு செஞ்சேன்னு ஒரு தாள்ல இருக்குல்ல, அத எடுத்தாப் போதும்" என்பாய். நீ போன பிறகும் அந்தத் தாள் அப்படியே இருக்கிறது.

இருந்தும் விலகல் மனுவை நானே எழுதினேன். நான் முதன்முதலாகச் சொந்தமாக எழுதிய மனு அதுதான். நன்றாக இருந்தது, ஒரு பிழை கிடையாது. நாற்பத்தொரு மெயில் அனுப்பிய களைப்பு அம்மா. செத்தவளுக்கு ஒரு தாள் எதற்கு, உயிரோடு இருப்பவளுக்கு ஒரு வேலை வேண்டாமா என்று எனக்கு நானே வாதாடினேன். அந்த வாதத்தில் நான் ஜெயித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவணை நாளில் மனுவைக் கோப்பில் வைத்துக்கொண்டு முதல் பஸ் ஏறி மலையிறங்கினேன். உன்னைக் கைவிடத்தான் போனேன். என்னை மன்னித்துவிடு.

நீதிமன்ற வராந்தாவில் யூனியன் வக்கீலைப் பார்த்தேன். கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர், எப்போதும் ஐந்து வழக்குக் கட்டு கக்கத்தில் இருக்கும். மனுவில் வழக்கு எண்ணைச் சரிபார்க்கக் கட்டைக் கேட்டேன். "போன தவணைக்கு அவங்க விசாரணையோட ஒரிஜினல போட்டாங்க, அதும் உள்ள உண்டு" என்று பாதித் தமிழில் சொல்லிக் கொடுத்துவிட்டு வேறொரு வழக்குக்கு ஓடினார்.

ஒரிஜினல். அதுவரை நாங்கள் யாரும் பார்த்தது டைப் அடித்த நகலைத்தான்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். உன் கையெழுத்து. எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, எஸ்டேட் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து. அதற்குக் கீழே, தாளின் ஓரத்தில் நெருக்கி நெருக்கி, தமிழில் மூன்று வரி.

"இதை எனக்கு வாசிச்சுக் காட்டலை. பொம்பளைகளை இறங்கச் சொன்னது நான்தான். அது குத்தம்னு நான் சொல்லலை."

நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்னது இதைத்தானா? இதை ஏன் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை? சொல்ல விட்டேனா நான்? நீ வாயெடுப்பதற்குள் நான்தான் சட்டம் பேச ஆரம்பித்துவிடுவேனே. இத்தனை வருடம் உன்னை ஏமாந்தவள் என்று நினைத்திருந்தேன் அம்மா. வெட்கமாக இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நம் வீட்டில் ஒருத்திதான், அது நான்தான்.

டைப் அடித்தவருக்குத் தமிழ் தெரியாது, விட்டுவிட்டார். அதைத் தாக்கல் செய்த கொச்சிக்காரர்களுக்கும் தெரியாது. வக்கீல் சார் திரும்பி வந்ததும் காட்டினேன். "அது அம்மையோட ஒப்பும் அட்ரஸும் அல்லே?" என்றார்.

"ஒப்பு மேல இருக்கு சார். கீழ இருக்கிறது அம்மா சொன்ன பதில்."

வாசித்து மலையாளத்தில் சொன்னேன். அவர் கக்கத்திலிருந்த மற்ற கட்டுகளையெல்லாம் பெஞ்சில் வைத்துவிட்டு, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். உன் மொழியில் வாசித்துக் காட்டினார்களா என்பதுதான் இந்த வழக்கின் முதல் கேள்வியே. விசாரணை முறையாக நடக்கவில்லை என்று ஆகிவிட்டால், அவர்கள் உன் மேல் எழுதிய குற்றத்தை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

அதற்குள் உள்ளே வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலுக்கு வந்து உன் பேரைத்தான் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள் அம்மா. செத்துப்போனாலும் முதல் மனுதாரர் நீதான். "அந்தோணியம்மாள்!" நீ போன பிறகு உன் பேரை அப்படி யாரும் உரக்கக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள்.

"இருக்கேன்" என்று எழுந்தேன்.

நீதிபதி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் இறந்துவிட்டதாக அல்லவா இருக்கிறது என்றார். அவர் மகள், மூன்றாம் மனுதாரர் என்றேன். எதிர்ப்பக்கம் ஃபர்மிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். என் வயதுதான், புது கோட்டு, காலர் பட்டை கழுத்தை உறுத்துகிறது போல, விரலை விட்டு விட்டுத் தளர்த்திக்கொண்டிருந்தான். எனக்கு வைத்திருந்த நாற்காலி அவன் பக்கத்து நாற்காலியாகத்தான் இருந்திருக்கும். அவனைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. அவனும் பாவம், எத்தனை மெயில் அனுப்பியிருப்பானோ.

மனுதாரர் தரப்பில் ஏதாவது தாக்கல் உண்டா என்று கேட்டார்கள். கோப்பு என் கையில்தான் இருந்தது.

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றேன். வக்கீல் சார் அந்த மூன்று வரியைப் பற்றி எழுந்து சொன்னார். எதிர்ப்பக்கத்துப் பையன் தன் நகலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அதை வாசிப்பதற்கும், அது உன் கையெழுத்துதான் என்று சாட்சி சொல்வதற்கும் மூன்றாம் மனுதாரர் அடுத்த தவணைக்கு வர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

கொச்சி மேடத்துக்கு அன்றே எழுதினேன், விலகவில்லை, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று. வழக்கு முடிந்ததும் எனக்கு எழுது என்று ஒற்றை வரியில் பதில் போட்டிருந்தார். மனதார எழுதினாரா, மரியாதைக்கு எழுதினாரா, எனக்குத் தெரியாது. விலகியிருந்தால் இந்த நேரம் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்திருப்பேன் என்று சில நாள் காலையில் தோன்றும். வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நல்ல வேலை அம்மா அது.

அப்பாவிடம் அந்தப் பக்கத்தின் நகலைக் கொடுத்தேன். இருமலை அடக்கிக்கொண்டு மூன்று தரம் வாசித்தார். "அவ எழுத்துதான்" என்றார். பிறகு சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "அடுத்த தவணைக்கு நானும் வாரேன். லீவு குடுக்கலன்னாலும் வாரேன்" என்றார். பாக்கியம் அத்தையும் வருகிறாளாம். அன்றைக்கு உன் பின்னால் இறங்கிய பதினொரு பேரில் இன்னும் வேலையில் இருக்கிற ஏழு பேரையும் கூட்டி வருகிறேன் என்று அவள் மிரட்டிக்கொண்டிருக்கிறாள். கோர்ட்டில் மெதுவாகப் பேச வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், பிரயோஜனம் இருக்காது.

நான் மறுபடியும் மெயில் அனுப்பத் தொடங்கிவிட்டேன். நேற்று நாற்பத்தாறாவது. பயோடேட்டாவைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழை முதலில் போட்டிருக்கிறேன், எழுதவும் வாசிக்கவும் தெரியும் என்று. படிவத்தில் நிலுவை வழக்கு உண்டா என்று யாராவது கேட்டால் உண்டு என்று எழுதி, உன் பேரை முழுதாகப் போடுகிறேன்.

அம்மா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த தவணையில் நான் கூண்டில் ஏறி, நீ எழுதிய மூன்று வரியையும் முதலில் தமிழிலேயே வாசிப்பேன், நீ எழுதியது எழுதியபடி, உன் வேகத்தில், உன் சத்தத்தில். மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகுதான். அன்றைக்கு உனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. நீ எழுதியதை நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

உன் பேரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்கிற
உன் மகள்,
ரெஜினா